சிம்மில் வைக்கத் தெரிந்த மைக்ரோவேவ்

ஃப்ரீஸரில் கல்லாக உறைந்த வஞ்சிரத் துண்டுகளை மைக்ரோவேவில் வைத்து எடுத்திருக்கிறீர்களா? ஓரம் வெந்து வெளுத்திருக்கும். நடுவில் விரலை வைத்தால் இன்னும் ஐஸ். மறுபடி ஒரு நிமிடம் வைத்தால் ஓரம் ரப்பராகிவிடும், நடு அப்போதுதான் இளகத் தொடங்கியிருக்கும். எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. மீன் நல்ல மீன்தான், வைத்த நேரமும் கையேட்டில் போட்டிருந்த நேரம்தான். அந்த அடுப்புக்குத் தீயைக் குறைக்கத் தெரியவில்லை.

பவரைக் குறைக்கும் பட்டன் எல்லா மைக்ரோவேவிலும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பழைய வகை அடுப்பில் அந்தப் பட்டன் தீயைக் குறைப்பதில்லை. அணைத்து அணைத்து ஏற்றுகிறது. கேஸ் அடுப்பைச் சிம்மில் வைக்காமல், முழுத் தீயில் பத்து வினாடி, அணைத்து இருபது வினாடி, மறுபடி முழுத் தீ என்று ஒருவர் திருகிக்கொண்டே நின்றால் எப்படி இருக்கும்? அதே கதைதான். இன்வெர்ட்டர் மைக்ரோவேவ் என்று விற்பது, உண்மையாகவே சிம்மில் வைக்கத் தெரிந்த அடுப்பு. அது எப்படி முடிகிறது, அதனால் உங்கள் சமையலில் எது மாறும், எது மாறாது என்று பார்ப்போம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இன்வெர்ட்டர் என்றால் நம் ஊரில் கரன்ட் போனதும் ஃபேனையும் லைட்டையும் ஓட்டும் பேட்டரிப் பெட்டி. அதனால் "கரன்ட் இல்லாதபோதும் இந்த மைக்ரோவேவ் ஓடுமா?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஓடாது. உள்ளே பேட்டரி எதுவும் இல்லை. ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை, திசை மாறி மாறி ஓடும் மின்சாரமாக ஆக்குகிற எந்தச் சுற்றுக்கும் இன்வெர்ட்டர் என்றுதான் பெயர். வீட்டுப் பேட்டரிப் பெட்டி, இன்வெர்ட்டர் ஏசி, இந்த அடுப்பு, மூன்றிலும் அந்த வேலை நடக்கிறது. எதற்காக நடக்கிறது என்பதுதான் வேறு.

சரி, வீட்டில் இருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரில் இதைச் சொருகி ஓட்டலாமா? வேண்டாம். 900 வி.ஏ. அளவுள்ள சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தாங்குவது ஏறக்குறைய 700 வாட். மைக்ரோவேவ் முழு பவரில் அதைப்போல இரண்டு மடங்கு இழுக்கும்.

இனி அடுப்புக்குள் போவோம். மைக்ரோவேவ் உணவை எப்படிச் சூடாக்குகிறது?

நெருப்பும் இல்லை, பழுத்துச் சிவக்கும் கம்பியும் இல்லை. மேக்னெட்ரான் (நுண்ணலையை உண்டாக்கும் வெற்றிடக் குழாய்) என்ற ஒரு பாகம் உள்ளே இருக்கிறது. அது ரேடியோ அலைகளின் இனத்தைச் சேர்ந்த ஓர் அலையை உணவின்மேல் பாய்ச்சுகிறது. அந்த அலை நொடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. நீரின் மூலக்கூறுக்கு ஒரு முனை நேர்மின் சாயல், மறுமுனை எதிர்மின் சாயல். அலை திசை மாறும்போதெல்லாம் அதுவும் திரும்பப் பார்க்கிறது, பக்கத்தில் இருப்பவற்றோடு முட்டி மோதுகிறது. அந்த மோதல்தான் சூடு.

உள்ளேயிருந்து வெளியே வேகும் என்று சொல்வார்களே? அது சரியல்ல. அலை உணவுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம்வரைதான் நன்றாக இறங்கும். அதற்கும் உள்ளே இருக்கும் பகுதிக்குச் சூடு மெல்ல மெல்லக் கடந்துதான் போகவேண்டும், கேஸ் அடுப்பில் போலவே. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் ஆதாரம். சூடு உள்ளே போய்ச் சேர நேரம் வேண்டும். அந்த நேரத்தில் வெளிப்புறம் கெடாமல் இருக்க, தீ குறைவாக இருக்க வேண்டும்.

மேக்னெட்ரான் இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காகப் பெருகிய கருவி. அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர், 1945-இல் அதன் அருகே நின்றபோது தம் பையில் இருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தார் என்பது பலரும் சொல்லும் கதை. 1947-இல் வந்த முதல் அடுப்பு ஏறக்குறைய ஆள் உயரம், 300 கிலோவுக்கும் மேல் எடை. சமையல் மேடையில் வைக்கும் அளவுக்குச் சிறிதாகி வீடுகளுக்குள் பரவியது 1967-க்குப் பிறகுதான்.

அந்த மேக்னெட்ரானை மெதுவாக ஓட்டினால் போதாதா, ஏன் அணைத்து ஏற்ற வேண்டும்?

ஏரிக் கலங்கலைப் பார்த்திருப்பீர்கள். ஏரியில் தண்ணீர் கலங்கல் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே நின்றால்கூட ஒரு சொட்டு வழியாது. மட்டத்தைத் தாண்டியதும் ஓடத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் ஏறினால் வெள்ளமாகப் பாயும். மேக்னெட்ரானும் அப்படித்தான். சுமார் 4,000 வோல்ட் என்ற மட்டம் வரும்வரை அதில் மின்சாரம் ஓடாது, அலையும் பிறக்காது. வோல்ட்டைப் பாதியாக்கினால் அலை பாதியாவதில்லை, நின்றே போகும்.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அதை அந்த மட்டத்துக்கு ஏற்றப் பழைய அடுப்புகள் ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மரை (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்தன. இரும்புத் தகடுகளை அடுக்கிக் கம்பி சுற்றிய, சில கிலோ கனமுள்ள கட்டி அது. பழைய அடுப்பைத் தூக்கும்போது ஒரு பக்கம் மட்டும் கனமாக இழுக்குமே, அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அது சுமார் 2,000 வோல்ட் தரும். ஒரு மின்தேக்கியும் (மின்சாரத்தைச் சேமித்து விடும் பாகம்) ஒரு டையோடும் (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் வால்வு) சேர்ந்து அதை இரண்டு மடங்காக்கும்.

இந்த அமைப்பு உழைக்கும், எளிதில் கெடாது. ஆனால் அதற்குத் தெரிந்தது இரண்டே நிலை: முழுதாக ஓடு, அல்லது நில். ரெகுலேட்டர் இல்லாத ஃபேனை நினைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் மட்டும்தான். காற்று குறைவாக வேண்டுமென்றால் போட்டுப் போட்டு நிறுத்த வேண்டும்.

அதனால் நீங்கள் 30 சதவீதம் என்று வைத்தால், அடுப்பு 30 வினாடியில் 9 வினாடி முழுதாக ஓடும், 21 வினாடி சும்மா இருக்கும். உள்ளே விளக்கு எரியும், தட்டு சுழலும், காற்றாடி ஓடும். அலை மட்டும் இருக்காது. இந்தச் சுற்று 20 முதல் 30 வினாடி என்று அடுப்புக்கு அடுப்பு மாறும். ஒவ்வொரு முறையும் மேக்னெட்ரானின் இழை சூடாகி அலை கிளம்ப இரண்டு மூன்று வினாடி பிடிப்பதால், அதைவிடச் சின்னச் சின்னத் துண்டாக இந்த முறையில் நறுக்கவும் முடியாது.

மொத்தத்தில் சராசரி 30 சதவீதம் வந்துவிடுகிறதே, பிறகென்ன?

கணக்கில் வந்துவிடுகிறது. ஆனால் அந்த 9 வினாடியும் உணவின் ஓரம் வாங்குவது முழு அடி. பெரிய பாத்திரத்தில் கெட்டியான சாம்பார் என்றால் அது தெரியாது, அத்தனை நிறை தாங்கிக்கொள்ளும். கால் லிட்டர் பால், நாலு மீன் துண்டு, ஒரு கட்டி வெண்ணெய் என்றால் 9 வினாடியே அதிகம்.

இன்வெர்ட்டர் அடுப்பு இதை எப்படி மாற்றியது? 1980-களின் இறுதியில் ஜப்பானின் மத்சுஷிதா நிறுவனம் (இன்றைய பானசோனிக்) வீட்டு மைக்ரோவேவில் இதைக் கொண்டுவந்தது. பிறகு எல்ஜி போன்ற மற்ற நிறுவனங்களும் செய்யத் தொடங்கின.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று திசை மாறுகிறது. இன்வெர்ட்டர் பலகை முதலில் அதை ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக ஆக்குகிறது. பிறகு ஒரு மின்னணு சுவிட்ச் அதை நொடிக்குப் பல பத்தாயிரம் முறை திறந்து மூடி, வேகமாகத் திசை மாறும் மின்சாரமாகத் திருப்புகிறது. இந்த வேக மின்சாரம் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போய் அதே 4,000 வோல்ட்டை எட்டுகிறது.

இத்தனை வேகம் எதற்கு? கிணற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஒரு நடைதான் போக முடியும் என்றால் பெரிய குடம் வேண்டும். நிமிடத்துக்கு அறுநூறு நடை போக முடிந்தால் ஒரு கரண்டியே போதும். நொடிக்கு 50 முறை என்பதால் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அத்தனை பெரிது. பல்லாயிரம் முறை என்பதால் புதியது உள்ளங்கையில் அடங்கும். அதனால்தான் அதே அளவுள்ள இன்வெர்ட்டர் அடுப்பு எடை குறைவாக இருக்கிறது, உள்ளே இடமும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது.

எடை குறைந்தது கூடுதல் லாபம்தான். முக்கியமானது கரண்டி. எவ்வளவு முகக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நடையிலும் மாற்றலாம். சுவிட்ச் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைக் கூட்டிக் குறைத்தால், மேக்னெட்ரானுக்குப் போகும் மின்சாரமும் கூடும், குறையும். கலங்கலுக்கு மேலே தண்ணீர் நாலு விரல் ஓட வேண்டுமா, ஒரு விரல் ஓட வேண்டுமா என்பது இப்போது கட்டுப்பாட்டில் வந்துவிட்டது. 50 சதவீதம் என்று வைத்தால் 1,000 வாட் அடுப்பு ஏறக்குறைய 500 வாட்டை விடாமல் தரும்.

அப்படியானால் எல்லா நிலையிலும் விடாமல் ஓடுமா? இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். தண்ணீர் கலங்கல் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றால் வழிவது நிலையாக இருக்காது. அதுபோல மிகக் குறைந்த பவரில் மேக்னெட்ரான் நிலையாக ஓடாது. ஆகவே பல இன்வெர்ட்டர் அடுப்புகளும் 10, 20 சதவீத நிலைகளில் விட்டு விட்டுத்தான் ஓடுகின்றன. அப்போதும் ஒரு வித்தியாசம் உண்டு: முழு பவரில் அடிக்காமல், குறைந்த பவரிலேயே ஓடி நிற்கும்படி அவற்றை அமைக்கலாம். உணவுக்கு அது பெரிய நிம்மதி.

இனி அடுப்படிக்கு வருவோம். எந்தெந்தச் சமையலில் வித்தியாசம் தெரியும்?

முதலில் அந்த வஞ்சிரம். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் இறுகப் பிணைந்திருப்பதால், அவை அலைக்குத் திரும்பி ஆடுவதில்லை. பனி நுண்ணலையை மிகக் குறைவாகவே வாங்கும். தண்ணீர் அப்படியே உறிஞ்சும். ஆகவே எந்த ஓரம் முதலில் உருகுகிறதோ அந்த ஓரமே அடுத்து வரும் சூட்டையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. உருகிய இடம் வேகும், உறைந்த இடம் உறைந்தே கிடக்கும். இதற்கு ஒரே மருந்து, உருகிய இடத்துச் சூடு பக்கத்துப் பனிக்குக் கடந்து போகும் வேகத்துக்கு மேல் சூடு கொடுக்காமல் இருப்பதுதான்.

எத்தனை நிமிடம்? அரைக் கிலோ மீனில் உள்ள பனி முழுக்க உருகத் தேவையான சூட்டைக் கணக்குப் போட்டால், 300 வாட்டில் சுமார் 8 நிமிடம் வருகிறது. நீங்கள் 6 அல்லது 7 நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். துண்டுகளைப் பிரித்து, மெல்லிய பக்கம் தட்டின் நடுவை நோக்கி இருக்கும்படி அடுக்குங்கள். மூன்று நிமிடம் ஆனதும் எடுத்துப் புரட்டிப் போடுங்கள், ஒட்டியிருப்பதைப் பிரியுங்கள். முடிந்ததும் வெளியே எடுத்து 5 முதல் 10 நிமிடம் சும்மா வையுங்கள். நடுவில் மிச்சமிருக்கும் பனி தானாக இளகும். பிறகு தாமதிக்காமல் சமைத்துவிடுங்கள். ஓரளவு சூடேறிய மீனையும் கறியையும் மறுபடி ஃப்ரீஸருக்குள் தள்ளக் கூடாது.

கோழிக்கறிக்கும் இதே முறைதான். எலும்போடு சேர்ந்த பெரிய துண்டு என்றால் இன்னும் குறைந்த பவரும் இன்னும் பொறுமையும் வேண்டும்.

அடுத்தது மோர்க்குழம்பு. முந்தின நாள் மோர்க்குழம்பை முழு பவரில் சுடவைத்தால் ஓரம் கொதித்துத் திரிந்துவிடும், நடு குளிர்ந்தே இருக்கும். பழைய அடுப்பில் 40 சதவீதம் வைத்தாலும், ஓடும் வினாடிகளில் ஓரம் கொதிக்கும். இன்வெர்ட்டரில் அதே 40 சதவீதத்தில் மூடி வைத்து, நடுவில் ஒரு முறை கிளறினால் கொதி வராமல் சூடாகும். தேங்காய்ப்பால் சேர்த்த சொதி, குருமா, மீன் குழம்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். என்னைக் கேட்டால், இந்த அடுப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு நம் வீடுகளில் மிக நல்ல காரணம் இதுதான். நம் குழம்புகளில் பாதி, கொதிக்கக் கூடாதவை.

பால்? முழு பவரில் பொங்கி வழியும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய அடுப்பில் பாதி பவர் வைத்துக் கண்ணாடி வழியே பாருங்கள். ஆடை எழும்பும், சட்டென்று அமுங்கும், மறுபடி எழும்பும். அடுப்பு ஏறி இறங்குவதை அது அப்படியே காட்டும். இன்வெர்ட்டரில் பொங்காமல் தளதளக்கும் ஒரு நிலையைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் பாத்திரத்துக்கு அது 30-ஆ 40-ஆ என்பதை இரண்டு முறை செய்து பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள். சேமியாப் பாயசத்தை முதலில் முழு பவரில் ஒரு கொதிவரை கொண்டுவந்து, பிறகு அந்த நிலைக்குக் குறைத்தால் வழியாமல் சுண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

சாதம் வடிக்காமல் வேகவைப்பவர்களுக்கும் இதே வழிதான். கொதி வரும்வரை முழு பவர், பிறகு பாதி. கஞ்சித் தண்ணீர் நுரைத்துத் தட்டில் கொட்டுவது பெரிதும் குறையும்.

ஃப்ரிட்ஜ் வெண்ணெயை இளக்குவது, சாக்லேட் உருக்குவது, உறைந்த தேங்காய்த் துருவலைப் பிரிப்பது போன்ற சின்ன வேலைகளை 20, 30 சதவீதத்தில் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். பழைய இட்லியை லேசாகத் தண்ணீர் தெளித்து, மூடி, 60 சதவீதத்தில் சூடாக்கினால் கல்லாகாது. முழு பவர் இட்லியின் ஈரத்தைத்தான் முதலில் ஓட்டும்.

முட்டை? இங்கே மட்டும் அடுப்பை நம்பாதீர்கள். ஓட்டோடு வைத்தால் எந்தப் பவரிலும் வெடிக்கும். ஓடு உரித்த அவித்த முட்டையைச் சுடவைத்தாலும் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கலாம், சில சமயம் வெளியே எடுத்துக் கடிக்கும்போதே வெடிக்கும். இரண்டாக வெட்டித்தான் வைக்க வேண்டும்.

எதில் வித்தியாசமே தெரியாது?

அப்பளம் பொரிப்பதில், காப்பி சுடவைப்பதில், தண்ணீர் கொதிக்கவைப்பதில். இவையெல்லாம் முழு பவர் வேலைகள். முழு பவரில் இரண்டு வகை அடுப்பும் ஒன்றேதான். உங்கள் வீட்டில் மைக்ரோவேவ் என்பது 30 வினாடி பட்டனை அழுத்தும் கருவி மட்டும்தான் என்றால், இன்வெர்ட்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்.

கேக் நன்றாக வருமா என்று பலர் கேட்கிறார்கள். கடைகளில் சோலோ, கிரில், கன்வெக்‌ஷன் என்று மூன்று வகை சொல்வார்கள். சோலோவில் நுண்ணலை மட்டும். கிரிலில் மேலே சூடேறும் கம்பியும் உண்டு. கன்வெக்‌ஷனில் கம்பியின் சூட்டைக் காற்றாடி உள்ளே சுழற்றும். இன்வெர்ட்டர் என்பது இந்த வரிசையில் நான்காவது அல்ல. நுண்ணலை எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. கன்வெக்‌ஷனில் கேக் வேகும்போது வேலை செய்வது கம்பி, மேக்னெட்ரான் அல்ல. ஆகவே கேக்குக்காக வாங்குபவர் பார்க்க வேண்டியது கன்வெக்‌ஷன் இருக்கிறதா என்பதைத்தான். இரண்டும் சேர்ந்த அடுப்புகளும் உண்டு.

உணவில் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி என்ற தொல்லை இதில் தீருமா? முழுதாகத் தீராது. அலை பெட்டியின் சுவர்களில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று கலப்பதால், சில இடங்களில் பலமாகவும் சில இடங்களில் பலவீனமாகவும் நிற்கும். அது பெட்டியின் வடிவம் சார்ந்தது. தட்டு சுழல்வது அதற்காகத்தான். பவர் குறைவாக இருந்தால் சூடு பரவ நேரம் கிடைக்கிறது, அந்த அளவுக்குச் சமமாகும். நடுவில் ஒரு முறை கிளறுவதை எந்த அடுப்பிலும் விடாதீர்கள்.

சமையல் குறிப்பில் உள்ள நேரத்தை எப்படி மாற்றுவது? வாட்டை நிமிடத்தால் பெருக்குங்கள். 1,000 வாட்டில் 3 நிமிடம் என்றால் 3,000. உங்கள் அடுப்பை 600 வாட்டில் வைத்தால் 5 நிமிடம், 3,000 வந்துவிட்டது. 800 வாட் அடுப்பு என்றால் மூன்றே முக்கால் நிமிடம். இது தொடக்கக் கணக்கு. முதல் முறை கொஞ்சம் முன்னதாகவே திறந்து பாருங்கள்.

உங்கள் அடுப்பின் உண்மையான வாட் எவ்வளவு என்று வீட்டிலேயே அளக்கலாம். நுண்ணலைக்கு உகந்த பாத்திரத்தில் சரியாக 1 லிட்டர் தண்ணீர் எடுத்து, சமையலறை வெப்பமானியால் அளவு குறித்துக்கொள்ளுங்கள். முழு பவரில் 1 நிமிடம் ஓட்டி, கலக்கி, மறுபடி அளங்கள். கூடிய டிகிரியை 70-ஆல் பெருக்கினால் வாட். 12 டிகிரி கூடினால் 840. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.

வீட்டில் இருப்பது இன்வெர்ட்டர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டியின் முன்புறம் பெரும்பாலும் எழுதியிருக்கும். இல்லையென்றால் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து 50 சதவீதத்தில் ஓட்டிக் காதைக் கொடுங்கள். காற்றாடிச் சத்தத்துக்கு மேல் ஒரு கனத்த ரீங்காரம் வந்து, நின்று, மறுபடி வந்தால் பழைய வகை. ஒரே சீராக ஒலித்தால் இன்வெர்ட்டர். பழைய வகையில் ரீங்காரம் தொடங்கும் கணத்தில் சில வீடுகளில் விளக்கும் லேசாக மங்கும்.

பழைய வகைதான் இருக்கிறது, என்ன செய்வது? அடுப்பு இடைவெளி விடுவதுபோல நீங்களும் விடுங்கள். 30 சதவீதத்தில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள், ஒரு நிமிடம் நிறுத்தி வையுங்கள், புரட்டுங்கள், மறுபடி ஓட்டுங்கள். சின்ன அளவு உணவென்றால் பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்தால், வரும் அலையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொண்டு உணவைக் காக்கும். நேரம் கூடும், ஆனால் மீன் ரப்பராகாது.

மின்கட்டணம் எவ்வளவு மிச்சமாகும்? சிறிதளவு. இன்வெர்ட்டர் பலகையில் வீணாகும் சூடு பழைய டிரான்ஸ்ஃபார்மரைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனால் 1,400 வாட் இழுக்கும் அடுப்பு 5 நிமிடம் ஓடினால் மொத்தச் செலவே 0.12 யூனிட்தான். அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் பில்லில் தெரியாது. கரன்ட் பில்லுக்காக மட்டும் இதை வாங்காதீர்கள்.

அட்டையில் 1,000 வாட் என்று போட்டிருக்கிறதே, 1,400 எங்கிருந்து வந்தது? 1,000 என்பது உணவுக்குப் போய்ச் சேர்வது. மேக்னெட்ரானே தான் வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சூடாக வெளியே விடுகிறது. சுவரிலிருந்து இழுப்பது எப்போதும் அதிகம்தான். ஆகவே டிவி, மிக்ஸி போடும் 6 ஆம்பியர் சிறிய பிளக்கில் இதை மாட்டாதீர்கள். 16 ஆம்பியர் பெரிய பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும்.

கெட்டுப்போனால்? இங்கேதான் பழைய வகைக்கு நான் ஓட்டுப் போடுவேன். அதில் ஃபியூஸ், டையோடு, மின்தேக்கி என்று ஒவ்வொன்றாக, குறைந்த செலவில் மாற்றலாம். இன்வெர்ட்டர் அடுப்பில் பெரும்பாலும் பலகையையே மாற்றச் சொல்வார்கள், செலவு கூடும். மின்னணுப் பலகை மின்னல் அதிர்வுக்கும் ஈரத்துக்கும் எளிதில் பலியாகும். இளஞ்சூடு தேடிக் கரப்பான்பூச்சியும் எறும்பும் உள்ளே குடியேறும். வாங்கும்போது மேக்னெட்ரானுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று சொல்வார்கள். இன்வெர்ட்டர் பலகைக்கு எத்தனை ஆண்டு என்று நீங்கள் கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள்.

வாங்கிய பிறகு, காற்றுத் துளைகளைத் துணி போட்டு மூடாதீர்கள். சுவரை ஒட்டி நெருக்காதீர்கள். குக்கர் ஆவி படும் இடத்தில் வைக்காதீர்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வெறும் அடுப்பை ஓட்டாதீர்கள், உள்ளே உணவு இல்லாவிட்டால் அலை திரும்பி மேக்னெட்ரானையே தாக்கும்.

ஒன்றை மட்டும் மிகுந்த கவலையோடு சொல்கிறேன். எந்த வகை மைக்ரோவேவையும் வீட்டில் திருகு கழற்றித் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் உயிரைக் குடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். மிக்ஸியும் அயர்ன்பாக்ஸும் பழுது பார்க்கத் தெரிந்த கைகூட இதில் ஏமாந்துவிடும்.

கதவு வழியே கதிர் கசியுமா என்ற பயம் இன்னும் பலருக்கு உண்டு. அலையின் நீளம் 12 சென்டிமீட்டர், கதவு வலையின் துளையோ மிகச் சிறிது. அதைத் தாண்டி அது வர முடியாது. கதவைத் திறந்த கணமே மேக்னெட்ரான் நின்றுவிடும், உணவில் எதுவும் தங்காது. கதவு வளைந்தோ தாழ் சரியாகப் பிடிக்காமலோ இருந்தால் மட்டும் அடுப்பை ஓட்டாமல் பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். இதில் இன்வெர்ட்டருக்கும் பழையதுக்கும் வேறுபாடு இல்லை.

ஆக, வாங்கலாமா? அடிக்கடி ஃப்ரீஸரிலிருந்து மீனும் கறியும் எடுப்பவர், குழம்பு வகைகளைச் சுடவைப்பவர், மைக்ரோவேவிலேயே சமைக்க நினைப்பவர் என்றால் வாங்குங்கள், கூடுதல் பணம் திரும்பிவிடும். காப்பியும் அப்பளமும்தான் என்றால் சாதாரண வகையே போதும்.

வாங்கியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் அடுப்பு வாங்கிய நாளிலிருந்து முழு பவரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நேரத்தை மட்டும் அழுத்தினால் அடுப்பு தானாக முழு பவரைத்தான் எடுத்துக்கொள்ளும். இன்று இரவு குழம்பைச் சுடவைக்கும்போது, நேரத்துக்கு முன்னால் 'பவர்' பட்டனை அழுத்தி 50-க்குக் கொண்டுவாருங்கள், நேரத்தை இரண்டு மடங்காக்குங்கள்.